செல்லியம்மாள் செய்துகொண்ட ஆபரேசன்

பிள்ளை வேண்டாம் என்று வயிற்றை அறுத்துக்கொண்டவள் என்று செல்லியம்மாளைப் பற்றி இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். நான் கூடவே இருந்தவள். அவள் புருசன் தேசப்பனும் என் வீட்டுக்காரர் கலியனும் கூடப்பிறந்தவர்கள். நான் மூத்த மருமகள் கோவிந்தம்மா, அவள் சின்ன மருமகள். எனக்குக் கையெழுத்துக்கூட வராது, வாயால்தான் சொல்கிறேன். சொன்னபடியே எழுத வேண்டும், நடுவில் அழகு சேர்க்கக் கூடாது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஆரம்பாக்கம் ரயிலடிக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம். அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இறால் ஓடுகிற இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பேர் பாடு. வருசத்துக்கு ஒரு தடவை கோயில் எதிரில் சீட்டு எடுப்பார்கள். இன்றைக்கு இந்த வீட்டுப் பாடு, நாளைக்கு அந்த வீட்டுப் பாடு என்று சுற்றி வரும். கல்யாணமான ஆம்பிளை பேரில்தான் பாடு. அவனுக்குப் பின்னால் அவன் மகன். மகன் இல்லாத வீட்டில் ஆள் போனால் பாடும் போய்விடும், ஊர்ப் பொதுவில் சேர்ந்துவிடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் மருமகள் வந்த மறு மாசமே மாமியார்கள் அவள் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

செல்லியம்மாள் எளாவூர்ப் பெண். வரும்போது பதினெட்டு வயசு. நெட்டையாக இருப்பாள், நடந்தால் காற்று மாதிரி. விடிந்ததும் கூடையில் மீனையும் இறாலையும் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் போய், ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டித் தெருக்களில் விற்றுவிட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் திரும்பிவிடுவாள். எங்களில் யாருக்கும் அந்த நடை வராது.

ஆனால் மாசத்தில் ஆறு நாள் அந்தச் செல்லியம்மாளைப் பார்க்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் இறக்கின கூரைக்குக் கீழே, முழங்கால் நெஞ்சில் முட்ட, இறால் மாதிரி சுருண்டு கிடப்பாள். மாசத் தூரம் வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். கஞ்சி குடித்தால் வாந்தி. வெளிக்கு உட்கார்ந்தால் உயிர் போகிற மாதிரி கத்துவாள். புருசன் பக்கத்தில் படுக்கவே பயமாக இருக்கிறது என்று ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

எங்கள் மாமியார் குப்பம்மாளுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. "ஊருல இல்லாத தூரமா இவுளுக்கு வருது? எனக்கு வரல? நான் ஏழு பெத்துப் போட்டுட்டு வலை பிரிச்சவடி!" என்று வாசலில் நின்று கத்துவாள். வேர் அரைத்துக் கொடுத்தோம். மந்திரித்த கயிறு கட்டினோம். கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். பன்னிரண்டு வருசம் இப்படியே போனது. பிள்ளையும் இல்லை, வலியும் போகவில்லை.

எழுபத்தொன்றாம் வருசம் சித்திரையில் கும்மிடிப்பூண்டியில் கூடையோடு விழுந்துவிட்டாள். விழுந்தது நர்ஸ் மேரி வீட்டு வாசலில். மேரி வாடிக்கையாக இவளிடம் மீன் வாங்குகிறவள். முகத்தில் தண்ணீர் தெளித்து, உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். "செல்லிம்மா, இது சாதாரண வலி இல்லே. திருவள்ளூர்ப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியிலே விக்டோரியான்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நான் சீட்டு எழுதித் தரேன், போய்ப் பாரு" என்றாளாம்.

வீட்டில் சொன்னால் மாமியார் விடமாட்டாள். திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் நோய் தீர வெல்லம் கரைக்கிற வழக்கம் உண்டு. அமாவாசைக்கு வெல்லம் கரைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். பொய்யாகிவிடக் கூடாதே என்று வெல்லத்தையும் கரைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "கர்ப்பப்பைக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்கும். அது மாசாமாசம் உரிஞ்சு வெளியே வரும், அதுதான் தூரம். உனக்கு அந்தச் சவ்வு மாதிரியே வெளியிலேயும் ஒட்டிக்கிட்டு வளருது. சூல்பையிலே, குடல் ஓரத்திலே. அதுவும் மாசாமாசம் ரத்தம் விடுது. அதுக்கு வெளியே வர வழி இல்லே. உள்ளேயே கட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. வலது பக்கம் ஒரு கட்டி இருக்கு."

"அப்போ இது நான் செஞ்ச பாவம் இல்லியா டாக்டரம்மா?"

"பாவம் எல்லாம் இல்லே. நோய்."

"பேரு இன்னா அதுக்கு?"

டாக்டரம்மா நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னாள். செல்லியம்மாள் விடவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கற்றுக்கொண்டாள். எண்டோமெட்ரியோசிஸ். எனக்கு இன்றைக்கும் பாதிதான் வரும். அவள் பஸ் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் திரும்பி, "அது எந்த ஸ்டாப்பிங்மா? நம்ம வண்டி அங்க போவாது" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். பேரே இல்லாமல் பன்னிரண்டு வருசம் கிடந்த வலிக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். கர்ப்பமாக இருக்கிற மாதிரி உடம்பை ஏமாற்றுகிற மாத்திரை, ஆறு மாசம் சாப்பிட வேண்டும், தூரம் நின்றுபோகும், கட்டி சுருங்குகிறதா பார்ப்போம் என்றாள் டாக்டரம்மா. முன்னே ஒரு தடவை மருந்துச் சீசாவை மாமியார் ஏரியில் வீசியிருக்கிறாள். அதனால், "ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேடி, என் ஊட்லயே புளிப்பானையில வெச்சிக்கறேன்" என்றேன். சொன்னது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

மாத்திரை வேலை செய்தது. ரொம்பவே வேலை செய்தது. தூரம் நின்றது. வலி குறைந்தது. காலையில் குமட்டல். மார் கனத்தது, உடம்பு பூசினாற்போல் ஆனது. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாசம் சும்மா இருந்தாள். நாலாம் மாசம் நல்ல விரால் மீனாகப் பொறுக்கி, தன் கையால் குழம்பு வைத்து, "சாப்புடு கண்ணு" என்று செல்லியம்மாள் முன்னால் வைத்தாள். பன்னிரண்டு வருசத்தில் அவள் வாயிலிருந்து கண்ணு என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். செல்லியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாமியார் நேராக ஊர்ப் பெரியதனம் அப்பாவு வீட்டுக்குப் போய், "என் சின்னவன் பாட்டுக்கு ஆள் வருது. எளுதி வெச்சிக்கோ நைனா" என்று சொல்லிவிட்டாள். ஐந்தாம் மாசம் வளையல்காரனைக் கூட்டி வந்தாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஐந்து வகை சோறு கிண்டினாள். குப்பத்துப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வளையல்காரன் செல்லியம்மாள் கையைப் பிடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"அத்தே, என் வயித்துல பிள்ளை இல்லே. நான் சாப்புடறது மாத்திரை. அதான் தூரம் நின்னுகீது. எனக்கு உள்ளே ஒரு நோவு கீது, எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. முன்னாடியே சொல்லாதது என் தப்பு. வளையலை எடுத்துகினு போவச் சொல்லு."

மாமியார் கையிலிருந்த தேங்காய்ச்சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பக்கத்து வீட்டு கங்கம்மா மட்டும், "அப்போ இந்தச் சோறு யாருக்கு?" என்று கேட்டாள். "உனக்குத்தான், வாயை மூடிகினு துன்னு" என்றாள் செல்லியம்மாள்.

அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் எழுந்து நின்று, தன் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொன்னதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் ஓரகத்தி என்று அன்றைக்கே எனக்குப் பெருமையாக இருந்தது, பயமும் இருந்தது.

பயந்த மாதிரியே ஆனது. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டாள். தேசப்பனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மாத்திரை ஆறு மாசம் முடிந்து நிறுத்தின ரெண்டாம் மாசமே வலி திரும்பியது, முன்னைவிட மோசமாக. மறுபடியும் திருவள்ளூர் போனோம்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கட்டி பெருத்திருந்தது. "இனிமே ஆபரேசன்தான் செல்லியம்மா. ரெண்டு வழி இருக்கு. கட்டியை மட்டும் எடுத்து, ஒட்டினதைப் பிரிச்சு விடலாம். கர்ப்பப்பையும் இன்னொரு சூல்பையும் இருக்கும். பிள்ளை உண்டாகலாம். ஆனா உனக்கு இருக்கிற நிலைமையிலே அது ரொம்பக் குறைவு, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலியும் திரும்பி வரலாம். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துடலாம். வலி அநேகமாப் போயிடும். பிள்ளை கிடையாது. முப்பது வயசிலேயே தூரம் நின்னு, உடம்பு எரியும், வேர்க்கும். யோசிச்சுச் சொல்லு."

செல்லியம்மாள் கேட்ட கேள்வி இதுதான்: "எல்லாத்தியும் எடுத்துட்டா நான் கூடை தூக்கலாமா?"

"ஆறு மாசம் கழிச்சுத் தூக்கலாம்."

"ரயிலடிக்கு நடக்கலாமா?"

"ரெண்டு மாசத்திலேயே நடக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் சண்டை. நான் சொன்னேன்: "சின்ன ஆபரேசனே பண்ணிக்கோடி. ஒரே ஒரு பிள்ளை வந்துட்டா எல்லார் வாயும் மூடிக்கும். பாடும் நிக்கும்." நான் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊத்துக்கோட்டை தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ மூணு பெத்தே. மூணுக்கும் சேத்து மூணு நாள் வலிச்சிருக்கும். நான் ஒண்ணும் பெறாமலே எத்தினி நாள் வலிச்சிருக்கேன்னு எண்ணு பாப்போம்."

எனக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது. ஆனால் நான் சொன்னதும் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆபரேசன் என்ற பேச்சு குப்பத்தில் பரவியது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆபரேசன் ஒன்றே ஒன்றுதான், சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு விளம்பரம் பண்ணி, செய்துகொண்டால் வாளி கொடுக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன். கங்கம்மா குழாயடியில் வைத்து ஆரம்பித்தாள். "ஒண்ணே பெறாதவளுக்கு போதும்னு ஆபரேசனா? உனக்கு எவர்சில்வர் வாளி குடுப்பாங்களாடி?"

"குடுத்தா உன் தலையில கவுக்கறேன். கொஞ்ச நேரம் சத்தம் வெளியே வராம இருக்கும்" என்றாள் செல்லியம்மாள். குழாயடியில் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் தேசப்பன் வெளியில் உட்கார்ந்து வலைக் கண்ணி முடிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்லியம்மாள் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உனுக்குப் பிள்ளை வேணுமா? அண்ணி கீறாங்கன்னு பாக்காதே. உள்ளதைச் சொல்லு."

தேசப்பன் அதிகம் பேசாத ஆள். முடிச்சைப் போட்டு இறுக்கினார். "வேணும்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முகம் மாறவில்லை. "சரி, சொல்லு" என்றாள்.

"வேணும்தான். ஆனா நீ சுருண்டு கெடக்கிற நாளெல்லாம் நான் வலை இல்லாமலே ஏரியில போய் உக்காந்துகினு இருப்பேன். நீ கத்தறது காதுல உளக்கூடாதுன்னு. பன்னெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடிகினு கீறேன். பிள்ளை வரும்னு சொல்லி இன்னும் எத்தினி வருசம் ஓட்றது?" அப்புறம் அடுத்த முடிச்சை எடுத்துக்கொண்டார். "வேற பொண்ணு கிண்ணுன்னு எவனாவது வந்தான்னா படகுக் கழியாலே போடுவேன். அதையும் சொல்லிட்டேன்."

அவள் கீழே கிடந்த நூலை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு, "அப்போ எல்லாத்தியும் எடுத்துடறேன்" என்றாள். எழுந்து கருவாட்டைத் திருப்ப எனக்குக் கை கொடுத்தாள். அவ்வளவுதான். யோசிக்க வேண்டியதை எல்லாம் அவள் ஏற்கெனவே அந்தக் கூரைக்குக் கீழே படுத்தபடி யோசித்து முடித்திருந்தாள். அன்றைக்குச் சொன்னது மட்டும்தான்.

எழுபத்திரண்டாம் வருசம் மாசி மாசம் ஆபரேசன். கையெழுத்துத் தாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் தேசப்பனிடம் நீட்டினார்கள். "வவுறு அவுளுது. அவுளாண்ட குடுங்க மொதல்ல" என்றார். செல்லியம்மாள் மையில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். அதற்குக் கீழேதான் அவர் வைத்தார். அந்தத் தாளைப் பிறகு டாக்டரம்மா எங்களுக்குக் காட்டினாள். ஒன்றின் கீழ் ஒன்றாக ரெண்டு விரல்.

நாலு மணி நேரம் ஆனது. குடலோடு ஒட்டியிருந்ததாம், கட்டி எந்த நேரமும் உடையலாம் என்கிற நிலையில் இருந்ததாம். கண் விழித்ததும் டாக்டரம்மாவிடம், "எல்லாத்தியும் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். "எடுத்துட்டோம்" என்றாள் டாக்டரம்மா. செல்லியம்மாள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டாள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியே உடம்பு எரிந்தது. மார்கழிக் குளிரிலும் முந்தானையால் விசிறிக்கொள்வாள். என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வந்தாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் வலி வரவே இல்லை. ஆறு மாசத்தில் கூடை தலையில் ஏறியது. பழைய நடை அப்படியே திரும்பி வந்தது.

தேசப்பன் வீட்டுப் பாடு கைவிட்டுப் போகிற சோதனை எழுபத்தைந்தில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வாச்மேனாகப் போனார். என் மூத்தவன் லாரியில் லோடு ஏற்றப் போனான். அவனுக்கு இளையவன் பள்ளிக்கூடம். அதுவரைக்கும் அண்ணன் தம்பி சேர்ந்துதான் பாட்டுக்குப் போவார்கள். ஒருத்தர் படகைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் வலைக்குக் கழி ஊன்ற வேண்டும். தனி ஆளால் ஆகாது, கூட வருகிறவரும் அந்த வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும். கூட ஆள் இல்லாமல் மூன்று முறை விட்டால் பாடு ஊருக்குப் போய்விடும். தேசப்பன் ரெண்டு முறை விட்டுவிட்டார்.

மூன்றாம் முறை காலையில் நாங்கள் எல்லாரும் கரையில் இருந்தோம். செல்லியம்மாள் புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்து, தண்ணீரில் இறங்கி, படகில் கை வைத்தாள்.

பெரியதனம் அப்பாவு ஓடி வந்தார். "ஏய், ஏய், இன்னா பண்றே? பாட்டுப் படகுல பொம்பளை ஏறக்கூடாது."

"ஏன் நைனா ஏறக்கூடாது?"

"ஏன்னா... உனக்குத் தெரியாதா? பொம்பளைங்களுக்குத் தூரம் வரும். எந்த நாள் வரும்னு சொல்ல முடியாது. தீட்டோட ஏறினா வலையில ஒண்ணும் ஏறாது. அதுக்குத்தான் பெரியவங்க ஏறவே வேணாம்னு வெச்சிக்கீறாங்க."

"அதுக்கு மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லியே?"

"அதுக்குத்தான்."

"அப்போ எனக்கு அந்த நாளே கெடையாது நைனா. மூணு வருசமாச்சு. ஊருக்கே தெரியும், நீங்கதானே ஊரெல்லாம் பேசுனீங்க. எந்த நாளைச் சொல்லி என்னை எறக்குவீங்க?"

அப்பாவு துண்டை உதறித் தோளில் போட்டார். கூட இருந்த ஆம்பிளைகளைப் பார்த்தார். ஒருத்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். மூன்று வருசமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசாத எங்கள் மாமியார் குப்பம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்: "இன்னாத்தப் பாத்துகினு நிக்கறே அப்பாவு? தண்ணி வத்துது, வழிய விடு!"

செல்லியம்மாள் ஏறினாள். கழியை ஊன்றித் தள்ளினாள். கை பழகாமல் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. தேசப்பன் "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினது கரைக்குக் கேட்டது, எல்லாரும் சிரித்தோம். அப்புறம் நேராகப் போனது.

அதன் பிறகு தேசப்பன் வீட்டுப் பாடு ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை. அடுத்த வருசம் கோயில் எதிரில் சீட்டு எடுத்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் பேரும் கூட ஆள் பேரும் சொல்லிக்கொண்டே வந்த அப்பாவு, எங்கள் முறை வந்ததும் தலையை நிமிர்த்தினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்: "தேசப்பன். கூட ஆள் செல்லியம்மாள்."